மிகாசா யாருக்கு

“பாகம் பிரிண்ணே” என்றேன்.

அண்ணன் குனிந்து நீலத் துணியைத் தரையில் விரித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. அடுப்படியில் அம்மாவின் கரண்டி நின்றது. அப்பா இறந்த பதினாறாம் நாளிலிருந்து அம்மா எனக்குச் சொல்லிவருவது இதுதான். “சேல கேளு, செயின் கேளு, என்ன வேணுமோ கேளு. பங்குன்னு மட்டும் அவன்கிட்ட கேட்டுறாத. உன்னப் படிக்க வச்சவன்.”

படிக்க வைத்தான். யார் இல்லை என்றது? அவன் பன்னிரண்டாவதோடு தறியில் நின்றான், நான் கல்லூரிக்குப் போனேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் என் பெயரில் வந்த அன்று அதை லேமினேட் செய்து வாங்கி வந்தவனும் அவன்தான். அதற்காகக் காலம் முழுக்க எதையும் கேட்கக் கூடாது என்றால், அதையும் அந்தச் சான்றிதழிலேயே ஒரு வரியாக அச்சடித்துக் கொடுத்திருக்கலாம்.

“எதப் பிரிக்கணும்?” என்றான் மகாராஜன்.

“கப்பல.”

கரண்டி மறுபடி ஓடியது. கப்பல்தானே!

எங்கள் வீட்டில் இருபத்து நான்கு போர்க்கப்பல்கள் உண்டு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம், உலோக வார்ப்பு. நூற்றிருபது வருடத்துக்கு முன் ஜப்பானும் ரஷ்யாவும் சுஷிமா கடலில் மோதிக்கொண்டபோது வந்த கப்பல்களின் அச்சு. அண்ணனுக்குப் பத்தொன்பது வயதில் யூடியூபில் யாரோ இரண்டு வெள்ளைக்காரர்கள் இந்தக் கப்பல்களை மேசையில் நகர்த்திச் சண்டை போடுவதைப் பார்த்துக் கிறுக்குப் பிடித்துவிட்டது. தீபாவளி போனஸில் முதல் நான்கை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தான். விதிப் புத்தகம் ஆங்கிலம். பத்தாவது படித்துக்கொண்டிருந்த நான் அகராதியை வைத்துக்கொண்டு நூற்று அறுபது பக்க நோட்டில் அதைத் தமிழில் எழுதினேன். வர்ணம் அடித்தவளும் நான்தான். ரஷ்யக் கப்பல்களுக்குக் கறுப்பு உடம்பு, மஞ்சள் புகைபோக்கி. மஞ்சளுக்கு என் நெயில்பாலிஷ். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் துணிதான் எங்களுக்குக் கடல். தையல் டேப் வைத்துத் தூரம் அளப்போம், பகடை உருட்டிக் குண்டு போடுவோம்.

எட்டு வருடமாக அவன் ஜப்பான், நான் ரஷ்யா. முதல் நாள் அவன் ஜப்பானை எடுத்தான், மிச்சம் எனக்கு வந்தது. அப்படியே நின்றுவிட்டது. அட்மிரல் ஏறிய கப்பல் மிகாசா அவனிடம். எங்கள் விதியில் அதன் பீரங்கிக்கு இரண்டு புள்ளி கூடுதல்.

“பிரிக்க எதுக்கு?” என்றான். “செவ்வாக்கிழம தென்காசில வேலைக்குச் சேரப் போற. ஹாஸ்டல்ல தனியா இருப்ப. பெட்டியோட எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருட்டி.”

மனதாரச் சொன்னான். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

“நீ குடுக்க வேண்டாம். பிரி.”

“ஏட்டி, மொத்தமும் தாரேங்கேன். பாதி போதும்ங்குற. ஒனக்குக் கணக்குல என்ன மார்க்கு?”

“நீ தந்தா அது சீரு. நான் கேக்குறது பாகம்.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நாளைக் காலை பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நிற்க வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் இந்த வீட்டையும், பின்னாலிருக்கும் தறிக்கூடத்தையும் அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து அம்மாவும் நானும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பத்திர எழுத்தர் சங்கரசுப்பு எழுதியே முடித்துவிட்டார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆதார் அட்டை நகலை மட்டும் கேட்டார்கள்.

அண்ணன் பெட்டியைத் திறந்தான். ஜப்பானை ஒரு பக்கம் வரிசையாக நிறுத்தினான், ரஷ்யாவை இன்னொரு பக்கம். பன்னிரண்டும் பன்னிரண்டும். ரஷ்ய வரிசையை என் பக்கம் தள்ளினான்.

“இந்தா. இது ஒனக்கு.”

“எவன்ணே சொன்னது?”

“என்னது?”

“இது எனக்குன்னு.”

“நீதானட்டி எப்பவும் ரஷ்யா?”

“இளையரசனேந்தல் காட்ட அப்பாவும் சித்தப்பாவும் பிரிச்சப்ப நீ இருந்தேல்லா? கயிறு புடிச்சேல்லா?”

இருந்தான். பதினான்கு வயது. அந்த மானாவாரி நிலத்தை மூத்தவரான அப்பா பிரித்தார். அங்கே வழக்கம் அது. மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரித்தவனுக்கு மிஞ்சியது. எந்தத் துண்டு தனக்கு வரும் என்று தெரியாமல் அப்பா அன்று மத்தியானம் வரை வெயிலில் நடந்தார். வேப்பமரம் உள்ள பக்கத்துக்கு அகலத்தைக் குறைத்தார், பள்ளமான பக்கத்துக்கு நாலு முழம் கூட்டினார். சித்தப்பா வேப்பமரத்தை எடுத்துக்கொண்டார். அப்பா வாயைத் திறக்கவில்லை. இந்தக் கதையை எனக்குப் பத்துத் தடவை சொன்னவன் அண்ணன்தான்.

“அது ஆம்பளையளுக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

“சொல்லு. முடி.”

அவன் இரண்டு வரிசையையும் கலைத்தான்.

அதன் பிறகு நான் பார்த்தது வேறு மகாராஜனை. மிகாசாவை இடது பக்கம் வைத்தான். உடனே எடுத்து வலது பக்கம் வைத்தான். மிகாசா இருக்கும் பக்கத்துக்கு வேறு நல்ல கப்பல் வேண்டாம் என்று நினைத்து எல்லா ஓட்டைக் கப்பல்களையும் அதனோடு சேர்த்தான். நின்று பார்த்தான்.

“என்ன, குப்பையோட சேத்துட்டியோ?” என்றேன்.

“வாய மூடுட்டி.”

ரஷ்ய அட்மிரலின் கப்பலான சுவோரோவை மிகாசா பக்கம் கொண்டுவந்தான். அது அதிகமாகிவிட்டதாகப் பட்டது போல, நவாரினை அந்தப் பக்கம் தள்ளினான். நான்கு புகைபோக்கியும் இரண்டு இரண்டாக நிற்கும் நவாரின், கவிழ்த்துப் போட்ட ஸ்டூல் மாதிரி இருக்கும்; எனக்கு அதன் மேல் ஒரு பிரியம். அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால் மறுபடி எடுத்து நடுவில் வைத்துக்கொண்டு யோசித்தான். கடைசியில் சுவோரோவையும் அதையும் மிகாசாவுக்கு எதிர்ப்பக்கம் வைத்தான். கொடிமரம் வளைந்த ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதற்கு ஈடாக இன்னொரு பக்கமும் அடிபட்ட ஒன்றை வைத்தான். நெற்றி வியர்த்து மூக்கில் இறங்கியது. எட்டு வருடத்தில் என் கப்பல்களை இவ்வளவு உற்றுப் பார்த்தவனில்லை. முதலில் எடுக்கப்போகிறவள் நான் என்றதும்தான் அவன் கண் தராசாகியிருந்தது.

அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள். “சோறு ஆறுது. என்ன வெளையாட்டு இது, முக்கா மணி நேரமா பொம்மைய மாத்தி மாத்தி வைக்க?”

“வெளையாட்டு இல்லம்மா” என்றான் அண்ணன்.

ஒருவழியாகக் கையை எடுத்தான். “ம். எடு.”

இரண்டு குவியலும் சமம். ஜப்பானும் ரஷ்யாவும் கலந்து, நல்லதும் நொள்ளையும் கலந்து, ஒன்றில் மிகாசா, ஒன்றில் நவாரினும் சுவோரோவும். இதில் எது வந்தாலும் அவனுக்குச் சம்மதம்தான். ஆனால் அவன் கண் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா? முதல் போனஸ், முதல் கப்பல். பார்சல் வந்த அன்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தறிக்குப் போனவன். விட்டுக்கொடுத்துவிடலாம் என்று கை ஒரு நொடி தயங்கியது. அம்மா ராயகிரியில் பிறந்த வீட்டுப் பங்கைத் தன் அண்ணனுக்கு இப்படித்தான் விட்டுக்கொடுத்தாள். பொங்கலுக்கு ஒரு சேலையும் ஒரு கட்டுக் கரும்பும் வருகிறது. மாமா வர மறந்த வருடம் தெருவைப் பார்த்துக்கொண்டே பால் பொங்க விட்டாள்.

நான் மிகாசா இருந்த பக்கத்தை எடுத்தேன்.

அண்ணன் எழுந்து போனான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். பஞ்சுச் சுருளோடு திரும்பி வந்தான். என் பக்கத்துக் கப்பல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் சுற்றி டிபன் டப்பாவில் அடுக்கினான். மிகாசாவைக் கடைசியாக எடுத்தான். அதன் கொடிமரம் குண்டூசியை விட மெலிசு. அதை நிமிர்த்தி, ஊதி, இரண்டு சுற்றுப் பஞ்சு கூடுதலாகச் சுற்றினான்.

“பஸ்ஸுல மடியிலயே வச்சுக்க. மேல வைக்காத. குலுக்கிப்புடும்.”

“சரிண்ணே.”

“இனிமே வெளையாடணும்னா ரெண்டு பாகமும் ஒண்ணாச் சேரணும். ஒன் சோலி முடிஞ்சா வருவியா?”

“வாரேன்.”

மூடியை அழுத்தினான். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான். “நாளைக்கு நீ கையெழுத்துப் போட மாட்ட. அப்படித்தான?”

“பத்து மணிக்கு வருவேன். ஆனா விடுதலைக்கு இல்ல, பாகத்துக்கு. மூணாப் பிரி. அம்மாவும் போட வேண்டாம், அவளுக்கும் ஒரு பங்கு.”

“தறிக்கூடத்துல இன்னும் ரெண்டு தறி போடலாம்னு இருந்தனே…”

“போடு. நான் எந்தப் பக்கத்த எடுப்பேன்னு யோசிச்சுப் பிரி.”

“அடிப்பாவி!” அம்மா நிலைப்படியை விட்டு உள்ளே வந்தாள். “பொம்மையக் கேக்காளேன்னு பாத்தா வீட்டுல கை வைக்கா. ஏட்டி, நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா எந்த வாசல்ல வந்து நிப்ப? ஏலே, நீ என்ன கல்லு மாதிரி நிக்க? கேளுலே அவள!”

அவன் கேட்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த நீலத் துணியைப் பாதியில் பிடித்தபடி நின்றான். “ஒனக்கும் பங்கு வேணும்னு சொல்லுதாம்மா” என்றான், ஏதோ அப்போதுதான் அது காதில் விழுந்தது போல.

அம்மாவுக்குப் பதில் வருவதற்கு நேரமாகும். காத்திருந்தால் அழுவாள், அழுதால் நான் உட்கார்ந்துவிடுவேன்.

டப்பாவைப் பையில் வைத்துத் தோளில் மாட்டினேன். சங்கரசுப்பு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருப்பார். இரண்டு தெரு தள்ளி. எழுதிய பத்திரத்தைக் கிழித்துப் புதிதாக எழுத ஒரு ராத்திரி போதும் அவருக்கு. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.