ஆதரவு இல்லாததால்

பெயின்டர் கடைசி வரியை எழுதி முடித்துத் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடம் பூட்டிக் கிடந்த ரயில் ஸ்டேஷனை நகராட்சி காட்சிக்கூடமாக மாற்றியிருந்தது. இன்று திறப்பு விழா. இங்கே கடைசியாக டிக்கெட் கொடுத்தவள் என்று அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். பழைய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரிக்க வேண்டுமாம். வந்தவள் சுவரில் எழுதியிருந்த ஸ்டேஷன் வரலாற்றை நின்று படித்தாள். முதல் வண்டி வந்த நாள், வெள்ளத்தில் தண்டவாளம் போன வருஷம், எல்லாம் சரி. கடைசி வரியில் கோபம் உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது.

'பயணிகள் ஆதரவு இல்லாததால் நிலையம் மூடப்பட்டது.'

எழுதிக் கொடுத்தவன் நகராட்சியில் குமாஸ்தாவாக இருக்கும் அவள் தம்பி. பக்கத்தில்தான் நின்றான்.

"ஆதரவு இல்லைன்னு யாருடா சொன்னது?"

"மேல இருந்து வந்ததைத்தான்க்கா போட்டேன்."

"மில்லுல ஏழு மணிக்குச் சங்கு. வண்டிய ஏழு பத்துக்குப் போய்ச் சேர்ற மாதிரி மாத்துனாங்க. பத்து நிமிஷம் பிந்தினவளுக்கு எவன் கேட்டைத் திறப்பான்? அப்புறம் ஆளே ஏறலைன்னு தலையை எண்ணிட்டுப் போனாங்க."

நேரத்தை மாற்றச் சொல்லிப் பதினோரு கடிதம் எழுதியவள் அவள். ஒன்றுக்கும் பதில் இல்லை. மில்லுக்குப் போகிறவர்கள் லாரியில் தொத்திக்கொண்டு போனார்கள். அப்படிப் போய் விழுந்தவள்தான் தம்பி மனைவி. இடது கால் முழங்காலோடு போயிற்று.

"இந்த வரியை ஒத்துக்கிட்டாத்தான் கட்டடத்தை விடுவோம்னு ரயில்வேல சொன்னாங்க. இல்லைன்னா இடிச்சிருப்பாங்க." தம்பியின் குரல் இறங்கியது. "அவ கால் போனது எனக்குத் தெரியாதாக்கா?"

"தெரிஞ்சும் எழுதினே பாரு, அதான் எனக்கு ஆறல. இடிச்சிருந்தா இடிச்சிட்டுப் போகட்டும். பொய்க்கு வெள்ளையடிச்சு விழா எடுக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்."

அவள் சுவரருகே போனாள். இன்னும் காயாத அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தித் தேய்த்தாள். எழுத்தெல்லாம் கலங்கிக் கருப்புப் பட்டையாயிற்று. கை மணிக்கட்டு வரை பெயின்ட்.

வாசலில் விருந்தாளிகளின் கார்கள் வந்து நின்றன. கதவுகள் சாத்தும் சத்தம்.

பெயின்டர் அக்காவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தூரிகையைப் பெயின்டில் தோய்த்து எடுத்தார்.

"சொல்லுங்க சார். என்ன எழுதட்டும்?"

தம்பி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். தூரிகை நுனியிலிருந்து பெயின்ட் ஒவ்வொரு சொட்டாகப் புதுத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.