இலக்கம் 27, கடலோரம்

சுவிற்சர்லாந்தின் டீட்டிகோனில் லிம்மாட் ஆற்றை ஒட்டியிருக்கும் தோட்டச் சங்கத்தில், இருபத்தேழாம் இலக்க நிலத்துண்டு 2019 ஏப்ரல் தொடக்கம் கடற்கரையாக இருந்து வருகிறது. மிக அருகிலுள்ள கடல் அல்ப்ஸ் மலைகளுக்கு அந்தப் பக்கம், ஜெனோவாவில் இருக்கிறது என்பது சங்கத்து உறுப்பினர் அத்தனை பேருக்கும் தெரியும்; எல்லோரும் பள்ளிக்கூடம் போனவர்கள்தான். இருந்தும் யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்புக்கும் குறைவான அந்தத் துண்டில் மட்டும் நிலத்தடி நீர் நாளுக்கு இரண்டு தரம் ஏறுகிறது, இரண்டு தரம் இறங்குகிறது, பௌர்ணமிக்கு நான்கு விரல் கூடுதலாக ஏறுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இருபத்தாறிலும் இந்தப் பக்கம் இருபத்தெட்டிலும் வழமையான களிமண்ணும் கூழாங்கல்லுமே கிடக்கின்றன. நண்டு வந்ததாக ஓல்ட்டன் நகரம் வரை கதை பரவியது. அது பொய். நண்டு வரவில்லை.

காரணம் ஒரு மூட்டை உப்பு. துண்டைக் குத்தகைக்கு வைத்திருக்கும் இரவீந்திரன் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஹவுஸ்வார்ட். படிக்கட்டுக் கூட்டுவது, மின்குமிழ் மாற்றுவது, பனிக்காலத்தில் விடியுமுன் எழும்பி நடைபாதைக்கு உப்பு எறிவது எல்லாம் அவர் வேலை. 2018 சித்திரையில் தமிழ்க்கடையில் ஒரு தேங்காய் முளைவிட்டு விலைபோகாமல் கிடந்தது. கடைக்காரர் அதைச் சும்மா தூக்கிக் கொடுத்தார். தென்னம்பிள்ளை வைக்கிற குழிக்கு உப்புப் போடவேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. இரவீந்திரனும் முறை தவறாமல் குழி வெட்டி, கீழே தும்பு பரப்பி, கட்டட நிர்வாகம் பழசாகிவிட்டதென்று எறியச் சொன்ன இருபத்தைந்து கிலோ வீதியுப்பு மூட்டையை அப்படியே கவிழ்த்தார். மனைவி கஜலக்சுமி பக்கத்தில் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, ஊரிலை உங்கடை ஐயா ரெண்டு கைப்பிடி உப்புத்தானே போடுறவர்?"

"அது கடலைத் தெரிஞ்ச மண் கஜா. இதுக்குக் கொஞ்சம் உரத்துத்தான் சொல்லோணும்."

தென்னம்பிள்ளை அந்த ஆண்டு ஐப்பசியில், முதல் உறைபனியிலேயே செத்துப்போனது. அதில் அதிசயம் எதுவும் இல்லை. பாஸ்போர்ட் இருந்தாலும் தென்னைக்கு அந்தக் குளிர் ஒத்துவராது. ஆனால் உரத்துச் சொன்னதை மண் கேட்டுவிட்டது. பனிக்காலம் முழுவதும் யோசித்திருக்க வேண்டும். ஏப்ரலில் இரவீந்திரன் மண்வெட்டியோடு போனபோது களிமண்ணைக் காணவில்லை, கூழாங்கல்லையும் காணவில்லை. சாம்பல் நிற மணல் வேலியிலிருந்து வேலி வரை தட்டையாகப் பரந்து கிடந்தது. ஒரு சாண் தோண்ட நீர் ஊறியது. அடுத்த இரண்டு வருடத்தில் யாரும் வைக்காத பைன் கன்றுகள் எழும்பின, அவற்றின் காலடியில் முழங்கால் உயரத்துக்கு விசிறி ஓலைப் பற்றை ஒன்று படர்ந்தது. கத்தரி அழுகியது, மிளகாய் அழுகியது, கீரை விதைத்த அன்றே மிதந்தது. ஹைடல்பேர என்று இந்த ஊரார் சொல்லும் நீலப் பழம் மட்டும் புளித்த ஈர மணலில் கொண்டாட்டமாகக் காய்த்துத் தள்ளியது. கஜலக்சுமி அதை ஐஸ்கிறீம் டப்பாக்களில் போட்டு எல்லாத் துண்டுக்காரருக்கும் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் பழத்தை வாங்கிக்கொண்டு, இரவெல்லாம் கடிக்கும் நுளம்பைப் பற்றி முறைப்பாடும் சொன்னார்கள்.

கஜலக்சுமி முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் பத்தொன்பது வருடம் நின்றபடி வேலை செய்தவர். கடைசி நான்கு வருடமாக அவருடைய கால்கள் நீர் வைத்து வீங்கிக் கிடந்தன. இதயம் களைத்துவிட்டது, உடம்பின் நீரைத் தள்ளிவிட அதற்குப் பெலன் போதவில்லை, நீர் மேலேறி நெஞ்சுக்கு வந்தால் ஆபத்து என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மாத்திரை கொடுத்தார், இறுக்கமான காலுறை கொடுத்தார். வீக்கம் அசையவில்லை. முப்பத்தெட்டு அளவுக் கால்காரி, கணவரின் நாற்பத்துமூன்று அளவுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போனார். பார்த்துச் சிரித்தவர்களோடு தானும் சேர்ந்து சிரித்தார், ஏனென்றால் அவர் அப்படியான ஆள்.

2020 வைகாசியில் ஒரு சனிக்கிழமை, தோட்டத்தில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கால் இரண்டையும் ஈர மணலில் புதைத்தார். குளிர்ச்சிக்காகத்தான் புதைத்தார். கால் மணி நேரத்தில் மணலில் நீர் இரண்டு விரல் உயர்ந்தது. நீர் ஏறும் நேரம் இன்னும் வரவில்லையே என்று இரவீந்திரன் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சை பாருங்கோ," என்றார் கஜலக்சுமி. "என்ரை கணுக்கால்."

கணுக்கால் எலும்பு இரண்டும் நான்கு வருடத்துக்குப் பிறகு வெளியே வந்திருந்தன. இரவீந்திரன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதார். கலியாணத்தன்றுகூட அந்தக் காலை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சனியும் கஜலக்சுமி அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்தார். உடம்பு தள்ள மாட்டாத நீரை நிலம் வாங்கி வைத்துக்கொண்டது, வற்றும்போது தன் நீரோடு சேர்த்து எங்கேயோ கொண்டுபோனது. வைத்தியர் மாத்திரை வேலை செய்கிறது என்று மகிழ்ந்தார். அவர் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று இருவரும் பேசாமல் இருந்தார்கள். முப்பத்தெட்டு அளவில், மலிவு விற்பனையில், ஒரு சிவப்புச் சப்பாத்து வாங்கினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது கஜலக்சுமி நிலத்தை ஒரு தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

சங்கத் தலைவர் பொல்லிகர் இருபத்தெட்டாம் துண்டுக்காரர். ஓய்வுபெற்ற நில அளவையாளர், நீர்க்குமிழியால் சமம் பார்க்கும் ஒரு சிறு மட்டப்பலகையைச் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருப்பவர், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய உருளைக்கிழங்கு வேலியோரமாக அழுகிக்கொண்டிருந்தது, சங்க விதியின் பதினான்காம் பிரிவும் தேங்கிய நீர் எந்தத் துண்டிலும் இருக்கக்கூடாது என்றே சொன்னது. இரண்டு கடிதம் போட்டார். மூன்றாவதாக, மண்ணைப் பரிசோதிக்க ஒரு நிறுவனத்திலிருந்து ஆளை அழைத்தார். வந்தவர் தக்ஷிகா, பாசல் நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், மண்ணியல் படித்தவர். துளைகருவியை முறுக்கி இறக்கி, வந்த மண்ணைத் தகட்டில் வரிசையாக வைத்துப் படிவத்தை நிரப்பினார். மேல் பதினைந்து சென்ரிமீற்றர், கருஞ்சாம்பல் நுண்மணல். அதன் கீழ் அறுபது வரை, வெளுத்த மணல். அதன் கீழ் கோப்பித்தூள் நிறத்தில் இறுகிய படை, நீரை இறங்க விடாதது. சரிவு ஒரு வீதத்துக்கும் குறைவு. புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, அதிகம். வடிகால் மோசம். நிலவமைவு என்ற கட்டத்தில் மலைச்சரிவு, பள்ளத்தாக்கு, ஆற்றுப்படுகை என்று மூன்றே தெரிவுகள் இருந்தன. தக்ஷிகா பேனையைக் கடித்தார்.

"அங்கிள், இது கடற்கரை மண்."

"ஓம் பிள்ளை."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"நான்தானே உப்புப் போட்டனான்."

தக்ஷிகா கட்டத்துக்குப் பக்கத்தில் நான்காவதாகத் தன் கையால் ஒரு கட்டம் கீறி, 'கரையோரச் சமதரை' என்று எழுதிச் சரி போட்டார். படித்த படிப்புக்கு அது மரியாதை. வடிப்பது எப்படி என்ற கேள்விக்கும் நேர்மையாகவே பதில் எழுதினார்: அந்த இறுகிய படையை உடைத்து, தோட்டத்தோரத்து ஓடை வரை குழாய் பதித்தால் போதும்.

2022 ஐப்பசி முடிவுக்குள் வடிக்காவிட்டால் துண்டு பறிபோகும் என்று நான்காவது கடிதம் வந்தது. அகதி விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே, அலுவலகக் கடிதம் என்றால் இரவீந்திரன் அதில் சொன்னதைச் செய்துவிடுவார். துண்டு பறிபோனால் கஜலக்சுமியின் கால் போகும், வடித்தாலாவது மணல் மிஞ்சும், மணலில் ஈரம் மிஞ்சும் என்று அவர் கணக்குப் போட்டார். அலவாங்கு என்ற இரும்புக் கம்பியால் படையை உடைத்து, பதினொரு சென்ரிமீற்றர் குழாயைத் தானே பதித்தார். ஒரே பகலில் நீர் முழுவதும் ஓடையில் இறங்கியது. ஈரம் மிஞ்சவில்லை.

மூன்றாம் நாள் சிவப்புச் சப்பாத்துக் காலில் ஏறவில்லை. நிலம் இரண்டரை வருடமாக வாங்கி வைத்திருந்ததைத் திருப்பிக் கொடுப்பது போல, நீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. ஐந்தாம் நாள் கஜலக்சுமியால் படுத்து மூச்சு விட முடியவில்லை. மருத்துவமனையில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, மூக்கில் குழாய் வைத்தார்கள். இந்த வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் வைத்தியர். அவர் சொன்ன தொனியில் இரவீந்திரனுக்கு மிச்சமும் விளங்கியது.

மனைவியின் கையை விட்டுவிட்டு அவர் நேரே தோட்டத்துக்குப் போனார். பட்டப்பகல், மழை இல்லை. குழாய்வாயில் துணியை அடைத்தார், புதிதாக ஊறிய நீர் நிற்கவில்லை. களிமண்ணை அடைத்தார், கரைந்துபோனது. அப்போதுதான் பழைய குழியில் செத்துக் கிடந்த தேங்காய் நினைவுக்கு வந்தது. தோண்டி எடுத்தார். அந்தப் புளித்த மணலில் எதுவும் உக்குவதில்லை; நாலரை வருடம் கிடந்து கறுத்துக் கல்லாக இறுகியிருந்தது. குழாய்வாயில் வைத்து அலவாங்கின் மொட்டை முனையால் தட்டினார். அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. ஒரு சொட்டும் கசியவில்லை. மாலை மணல் நனைந்தது, விடிய நீர் ஒரு சாணுக்கு வந்தது, காலை பத்து மணிக்கு மருத்துவமனையில் கஜலக்சுமி தலையணையைக் கீழே இறக்கச் சொல்லி, நீட்டி நிமிர்ந்து படுத்து, பசிக்கிறது என்றார்.

பொல்லிகர் சும்மா இருப்பாரா. குழாயைப் பார்வையிட வந்தவர் நீரைக் கண்டு முகம் சிவந்தார். இரவீந்திரன் ஒன்றையும் மறைக்கவில்லை. உப்பைச் சொன்னார், மனைவியின் காலைச் சொன்னார், தேங்காயைச் சொன்னார். தனக்குத் தெரிந்த ஜேர்மன் அத்தனையையும் அன்று செலவழித்தார். விதி விதிதான் என்று பொல்லிகர் வருத்தத்தோடு சொல்லிவிட்டு, தேங்காயைப் பிடுங்க மணலில் முழங்காலை ஊன்றினார். அந்த வலது முழங்காலில் ஆறு வருடமாக நீர் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டு எடுப்பார்கள், திரும்பக் கட்டும். அவர் தேங்காயில் கை வைத்தபடி கீழே பார்த்தார். முழங்காலைச் சுற்றி மணலில் நீர் அரை விரல் உயர்ந்தது. பிறகு கையை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து மட்டப்பலகையை எடுத்து முழங்கால் மேல் வைத்துக் குமிழியைப் பார்த்தார். எதையும் பிடிக்காமல் எழுந்தார்.

"இருக்கட்டும்," என்றார்.

பத்து நாளில் கஜலக்சுமி வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் சனிக்கிழமையே தோட்டத்துக்குப் போய், நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டு, "நன்றி, என்ரை ராசா," என்றார். பக்கத்தில் நின்ற பொல்லிகருக்கு மொழி விளங்கவில்லை. ஆனாலும் தொப்பியைக் கழற்றினார்.

2023 மாசிப் பொதுக்கூட்டத்தில் விதித் திருத்தத்தைப் பொல்லிகரே முன்மொழிந்தார். ஐம்பத்தொரு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு; ஒருவர் நீலப்பழக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் கை தூக்கவில்லை. பதினான்காம் பிரிவு இப்போது, எல்லாத் துண்டுகளும் வடிந்திருக்க வேண்டும், கடலோரத்தில் உள்ளவை நீங்கலாக, என்று சொல்கிறது. பதிவேட்டில் இருபத்தேழுக்கு நேரே 'கடலோரம்' என்று எழுதியாயிற்று. பொல்லிகர் உருளைக்கிழங்கை விட்டு நீலப்பழத்துக்கு மாறினார். ஒவ்வொரு சித்திரையிலும் சங்கச் செலவில் ஒரு மூட்டை வீதியுப்பு வருகிறது, நிலத்துக்கு மறந்துவிடக் கூடாதே என்று. மூட்டையைக் கவிழ்ப்பது இரவீந்திரன். நன்றியோடு கவிழ்க்கிறார், கொஞ்சம் கூடுதலாகவே கவிழ்க்கிறார்.

கால் வீங்கியவர்களும் முழங்கால் நொந்தவர்களும் சனிக்கிழமைகளில் ஊரெங்குமிருந்து வருகிறார்கள். அவர்களுக்காகப் பொல்லிகர் வேலிப் படலைக்கு வெளியே, மட்டம் பார்த்து, ஒரு சப்பாத்துத் தட்டு அடித்திருக்கிறார். யாரும் நெருக்குவதில்லை. தட்டில் முப்பத்தெட்டு அளவுச் சிவப்புச் சப்பாத்து இருந்தால், நீர் வற்றத் தொடங்கும் வரை மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்பது பதினான்காம் பிரிவின் உபவிதி.