நாலு விரற்கடை

மூன்றாவது வாய்ப்பிலும் பந்தை நடுவிலேயே கொண்டுபோய் முட்டினார்கள். முதல் வாய்ப்பில் நடு, இரண்டாவதிலும் நடு. மூன்றாவதில் எங்கள் ஆட்டத்தை நடத்தும் டானர் இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து தலையை நிமிர்த்தியபோது, இந்த முறையாவது தூக்கி எறிவான் என்று எனக்கு ஒரு நப்பாசை. அவன் பந்தைப் பக்கத்தில் ஓடிவந்தவன் வயிற்றில் திணித்தான். வாங்கியவன் குனிந்துகொண்டு போய் எட்டுப் பேர் காத்திருந்த இடத்தில் விழுந்தான். ஒரு கஜம்கூட நகரவில்லை. பிறகு எங்கள் உதைகாரன் வந்து பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு அது ஏழாவது உதை. வெல்டன் க்ரீக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அந்தப் பருவம் முழுக்க வாங்கிய உதவித்தொகைக்கு உழைத்தவன் அவன் ஒருவன்தான்.

"என்ன பெருசு, சங்கிலி துருப்புடிக்குதா? எண்ணெய் வேணுமா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சவுத் டகோட்டாவிலிருந்து வந்திருந்த அணியின் பையன், கழுத்தே இல்லாத உடம்பு. அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள்.

நாங்கள் சங்கிலிக்காரர்கள். நாலு வாய்ப்பில் பத்து கஜம் முன்னேறினால்தான் பந்து கையில் தங்கும். அந்தப் பத்து கஜத்தை அளந்து காட்டுகிற சங்கிலி எங்களிடம். பின்கம்பத்தை மெர்ல் பிடிப்பார், முன்கம்பத்தை தபால் ஆபீஸ் ஜோலீன். நான் கிளிப். மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு உண்டு. சங்கிலி எந்தக் கோட்டைக் கடக்கிறதோ அந்த இடத்தில் கிளிப்பைக் கவ்வவிட்டு வைப்பேன். சந்தேகம் வந்தால் சங்கிலியை உள்ளே தூக்கிக்கொண்டு போய், கிளிப்பை அதே கோட்டில் வைத்து இழுத்துப் பிடித்தால் அளவு வந்துவிடும். இருபத்தாறு வருஷமாக இந்த வேலை. சம்பளம் கிடையாது, ஒரு மேல்சட்டையும் சாப்பாட்டுச் சீட்டும் கொடுப்பார்கள். வார நாட்களில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் எந்திரங்களைப் பழுது பார்க்கிற எனக்கு, சனிக்கிழமையானால் இதுதான் மரியாதை.

எங்களை நிறுத்துவது எதிரணி நிற்கும் ஓரத்தில். கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது. ஊரே திட்டித் தீர்த்துக்கொள்ளும்போது நாங்கள் மூவரும் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்தவர்கள்போல நிற்க வேண்டும். ஐந்து ஆட்டமாக ஒரு தடவைகூடப் பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டவில்லை, டச்டவுனே இல்லை. ஐந்து! காபிக்கடையில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. தாக்குதல் பயிற்சியாளரிடம் ஒரே ஒரு காகிதம்தான் இருக்கிறது, அதிலும் ஒரே ஒரு அம்புக்குறிதான் போட்டிருக்கிறது என்று பல் டாக்டர் சொன்னார். முதலில் சிரித்தோம். மூன்றாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை. கோபம் வந்தால்கூடத் தேவலை, ஏதோ உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு அலுப்புதான் மிச்சம். என் மனைவி ஆர்லீன் முப்பது வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவள். இந்த வாரம் வரமாட்டேன் என்று சத்தியம் பண்ணினாள். காலையில் பார்த்தால் போர்வையை மடித்துக் காரில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியம் பண்ணினியே?" என்றேன்.

"பருவத்தோட கடைசி ஆட்டம். செத்த வீட்டுக்குப் போகாம இருப்பாங்களா?" என்றாள்.

நவம்பர்க் காற்று முகத்தைச் சீவியது. ஆறுக்குப் பூஜ்யம். எங்கள் தடுப்புக்காரப் பிள்ளைகள் பாவம், உயிரைக் கொடுத்து எதிராளியை ஆறோடு நிறுத்திவைத்திருந்தார்கள். ஒரு டச்டவுனுக்கு ஆறு, அதற்கு மேல் ஒரு உதைக்கு ஒன்று. ஏழு வந்தால் ஜெயித்துவிடலாம். அந்த டச்டவுன்தான் எங்களிடம் இல்லை.

ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது எதிரணிப் பையன் ஒருவன் டானரின் தலைக்கவச முகக் கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டான். அபராதமாகப் பதினைந்து கஜமும் புதிதாக நாலு வாய்ப்பும் கிடைத்தன. எங்களுக்கு முன்னேற்றம் என்பது அப்படித்தான் வந்தது, எதிராளி தப்புப் பண்ணினால் உண்டு. நாங்கள் ஓடிப்போய்ச் சங்கிலியை எதிரணியின் நாற்பத்து மூன்றாவது கஜத்தில் போட்டோம். நான் நாற்பதாவது கோட்டில் குனிந்தேன். கிளிப்பை எப்போதும் கோட்டின் பின்விளிம்பில், அதாவது மெர்ல் நிற்கும் பக்கத்து விளிம்பில், கவ்வவிட வேண்டும். விறைத்த விரல், நரம்பெல்லாம் மரத்துப் போயிருந்தது. கவ்வவிட்டுவிட்டு நிமிர்ந்தால் மெர்ல் பின்கம்பத்திலிருந்து சொன்னார்:

"வெண்டல், முன்விளிம்புல புடிச்சிருக்கடா."

குனிந்து பார்த்தேன். ஆமாம். கோட்டின் அகலம் நாலு விரற்கடை. அந்த நாலு விரற்கடை தள்ளிப் பிடித்திருந்தேன். கழற்றி மாட்டுவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

"சரி விடு, அளக்கும்போது முன்விளிம்புலயே வெச்சுக்கறேன்" என்றேன். அதில் ஒரு தப்பும் இல்லை. எந்த விளிம்பில் பிடித்தோமோ அதே விளிம்பில் வைத்தால் அளவு சரியாகத்தான் வரும். மெர்ல் தலையாட்டினார்.

நடுவில் முட்டி மூன்று கஜம், மறுபடி நடுவில் நாலு. மூன்றாவது வாய்ப்பில் டானர் பந்தை எறிய ஆளில்லாமல் தவித்துத் தானே ஓடிப்போய் இரண்டரை எடுத்தான். பாக்கி அரை கஜம். உதைகாரன் ஓரத்தில் தயாராகிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் அவனைக் கையால் தடுத்தார். அரங்கில் இருந்த ரெண்டாயிரம் சொச்சம் பேரும் எழுந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னும் இவர்களிடம் இவ்வளவு தொண்டை இருக்கிறதா? டானர் பந்தைக் கட்டிக்கொண்டு குவியலுக்குள் பாய்ந்தான். விசில். ஒருவன்மேல் ஒருவனாக விழுந்து கிடந்தவர்களை நடுவர்கள் பிரித்தெடுத்துப் பந்தை வைத்தார்கள். பார்த்த பார்வைக்குச் சொல்ல முடியவில்லை. சங்கிலியைக் கொண்டுவரச் சொல்லிக் கையசைத்தார்கள்.

உள்ளே போகும்போது கழுத்தில்லாத பையன் பின்னாலிருந்து, "பெருசு, பாத்து நட. வழி மறந்திருக்கப் போகுது!" என்றான்.

அது உறைத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் நினைக்கவில்லை. உறைத்தது, அவ்வளவுதான். நாற்பதாவது கோட்டில் நான் மண்டியிட்டேன். ஓர நடுவர் என் அருகே குனிந்து, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"பின்விளிம்புதானே?"

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. பதில் சொல்ல யோசிக்கவே வேண்டியதில்லை. அன்றைக்கு யோசித்தேன். ஒரு மூச்சு நேரம் இருக்கும். மேலே ஆர்லீன் நின்றுகொண்டிருப்பாள் என்று தெரியும். போர்வை கீழே விழுந்திருக்கும்.

"ஆமா" என்றேன்.

பின்விளிம்பில் வைத்தேன். சங்கிலி மொத்தமும் எங்களுக்குச் சாதகமாக நாலு விரற்கடை பின்னால் நகர்ந்தது. ஜோலீன் முன்கம்பத்தை இழுத்து நிறுத்தினாள். பந்தின் மூக்கு கம்பத்தைத் தாண்டி இரண்டு விரல் வந்திருந்தது. உண்மையில் இரண்டு விரல் குறைவு. நடுவர் கையை முன்னால் நீட்டினார், ஃபர்ஸ்ட் டவுன்! புதிதாக நாலு வாய்ப்பு. அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். யாரோ அழுதார்கள் என்று பிறகு சொன்னார்கள், நான் நம்புகிறேன். எதிரணிப் பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து தொப்பியை எடுத்துக்கொண்டே, "சங்கிலி சொன்னா சரிதான்" என்றார்.

மெர்ல் என்னைப் பார்க்கவில்லை. பின்கம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேராக ஓரத்துக்கு நடந்தார்.

அந்தப் பாவிப் பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் வாய்ப்பு, நடு. இரண்டாவது, நடு, ஒரு கஜம் பின்னால் வேறு. மூன்றாவதில் டானர் எறிந்தான், அது யாருமே இல்லாத இடத்தில் போய் விழுந்தது. நாலாவது வாய்ப்பு, பதினொரு கஜம் வேண்டும், ஒரு நிமிடம்கூட முழுசாக இல்லை. சின்னக் குழந்தையைக் கேட்டால்கூட எறி என்று சொல்லும். நடுவில் கொண்டுபோய் முட்டினார்கள்! வாழ்க்கையில் கறைபடாமல் வைத்திருந்த ஒன்றை எடுத்து இவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன், அதை வாங்கிக்கொண்டுபோய் அதே சுவரில் முட்டுகிறார்கள். ஆறுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிந்தது.

சங்கிலியைப் பைக்குள் சுற்றி வைக்கும்போது ஜோலீன், "எப்படியோ ஒரு தடவையாவது நமக்கு வேலை வந்துச்சே அண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரியாது. மெர்ல் பையின் வாயைக் கட்டினார். கட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"பின்விளிம்பாடா?" என்றார்.

"ஸ்கோர் ஒண்ணும் மாறலியே மெர்ல்."

"நான் ஸ்கோரைக் கேக்கல."

அவரே சொன்னார்: "லீக் ஆபீசுக்குத் தெரிஞ்சா மூணு பேரையும் எடுத்துடுவாங்க. உன்னோட சேத்து ஜோலீனையும் என்னையும். எனக்கு சனிக்கிழமையில போறதுக்கு வேற இடம் இல்லடா, உனக்கே தெரியும். நான் வாயைத் தொறக்க மாட்டேன். ஆனா நீ தொறக்கணும். இல்லேன்னா அடுத்த வருஷம் உன்கூட இந்தச் சங்கிலியைத் தூக்க என்னால ஆகாது."

தீயணைப்புக்காரர்களின் கூடத்தில் வழக்கம்போல விருந்து. பருவம் முடிந்தால் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும் பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரோலும். போன வருஷங்களில் தோற்ற நாளன்று அந்தக் கூடத்தில் கரண்டிச் சத்தம்தான் கேட்கும். அன்றைக்கு உள்ளே நுழைந்தால் கல்யாண வீடுபோல இருந்தது. தோற்றதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்த அளவைப் பற்றியே பேசினார்கள். பல் டாக்டர் ஒரு மேசைக் கத்தியைக் கம்பமாக நிறுத்தி, ரொட்டித் துண்டைப் பந்தாக வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் தட்டினார்கள். ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"இந்த வருஷம் பூரா ஒண்ணுமே கிடைக்கல தம்பி. அது ஒண்ணு கிடைச்சுது" என்றார்.

ஆர்லீனின் குரல் கம்மிப்போயிருந்தது. என் தட்டில் சில்லியை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் களை ஏறியிருப்பதைப் பார்த்தேன். "நெஞ்சே நின்னுபோச்சுங்க. நீங்க அங்க மண்டி போட்டிருந்தீங்களா, நான் மேல மண்டி போட்டுட்டேன். அடுத்த வருஷமும் வரேன், சொல்லிட்டேன்" என்றாள். இவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் இந்தக் கூடத்தில் இருக்கிற ஒவ்வொருவரிடமிருந்தும் அந்த ஒன்றைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் எதிரே உட்கார்ந்திருக்கிறவரை இழக்க வேண்டும். மெர்ல் சாப்பிடவில்லை. ரோலைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, டாக்டர் ஒரு முழம்கிறாரு. கிட்ட நின்ன ஆளு நீங்கதானே, எவ்வளவு தாண்டிச்சுன்னு காட்டுங்க" என்றாள் ஆர்லீன்.

மேசை முழுக்க என்னைப் பார்த்தது. பின்மேசைக்காரர்கள்கூட நாற்காலியைத் திருப்பினார்கள். நான் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு விரலைச் சேர்த்துத் தூக்கிக் காட்டினேன். ஒரே ஆரவாரம். "ரெண்டு விரல்! கேட்டுக்கங்கய்யா, ரெண்டே விரல்!" என்று பல் டாக்டர் கத்தினார்.

மெர்ல் தட்டை ஒதுக்கினார். கட்டை விரலை மடக்கிக்கொண்டு மற்ற விரல்களை மேசை விரிப்பின்மேல் நெருக்கி வைத்தார். நாலு விரல். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மெர்ல், நீங்க நாலு காட்டறீங்க? இவரே ரெண்டுதாங்கறாரு" என்று சிரித்தாள் ஆர்லீன். மெர்ல் கையை எடுக்கவில்லை. அவள் அவரைப் பார்த்தாள், பிறகு சிரிப்பு மாறாமலே என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க?" என்றாள்.

என் இரண்டு விரலும் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தன.