சரிம்மா, நீ பாத்துக்க

செட்டிகுளத்தில் எங்கள் வீட்டைத் துபாய் வீடு என்பார்கள். துபாயிலிருந்து நடத்தப்படுகிற வீடு என்று நான் சொல்வேன். என் கணவர் கலையரசன் அங்கே ஒரு பெரிய கட்டடத்தின் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கிறார். முப்பது மாடியின் விளக்கையும் ஏசியையும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆட்டிவைக்கிற ஆளுக்கு மூன்று அறை வீடு எம்மாத்திரம்? இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தவர் பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்து மாட்டினார். பொழுது சாய்ந்தால் வாசல் விளக்கு தானாக எரியும். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும். வாசலுக்கு மேலே ஒரு கேமரா. எல்லாம் அவருடைய போனில் இருக்கிற ஓர் ஆப்பின் பேச்சைத்தான் கேட்கும்.

என் மாமனார் நடராசன் மட்டும் கேட்கமாட்டார். விளக்குப் போடக்கூட எனக்குக் கை இல்லையா என்று திட்டிக்கொண்டே ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போடுவார். எழுபத்தோரு வயதிலும் தினமும் வெங்காயக் காட்டுக்குப் போய்வந்த மனிதர்.

எனக்கும் முதலில் எரிச்சல்தான். ஒரே ஒரு விஷயத்துக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். காலை ஐந்தரைக்கு மேல் வாசல் தெளிக்க வந்தால், கோலமாவைக் கையில் எடுப்பதற்குள் போனில் மெசேஜ் வந்துவிடும். "கோலம் போட்டாச்சா கண்ணு? டீ குடிச்சிக்க" என்று ஒரு நாள். "பனியில நிக்காத மலரு" என்று இன்னொரு நாள். அங்கே அப்போது மணி நான்கு. அந்த நேரத்தில் எழுந்து கேமராவில் என்னைப் பார்க்கிறாரே என்று நினைப்பேன். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் நேரில் இருந்தபோதுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தலையை வாரிக்கொண்டு வாசலுக்குப் போக ஆரம்பித்தேன்.

மாசி மாதம் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. பெரம்பலூரில் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்துவிட்டு, இந்த வாரமே திருச்சிக்குக் கூட்டிப்போய் ஆஞ்சியோ பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். மாமனார் மசியவில்லை. வெங்காயம் பிடுங்குகிற நேரத்தில் ஆஸ்பத்திரியில் படுக்க முடியாது, மகன் சொன்னால் பார்க்கலாம் என்றார். ஆனால் மகனிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கலையரசன் போனில் பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதுவும் ஸ்பீக்கரில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. நடுவில் கூப்பிட்டால், ஷிப்டில் இருக்கிறேன், எழுது என்று வைத்துவிடுவார். அதனால் எழுதினேன். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் எழுதி, ஈசிஜி தாளையும் படம் பிடித்து அனுப்பி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மாமா கிளம்பிவிடுவார் என்று கெஞ்சினேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது.

"சரிம்மா. நீ பாத்துக்க."

நான் என்னத்தைப் பார்க்க? மறுநாளும் எழுதினேன். அதே பதில். மூன்றாம் முறையும் அதே. ஞாயிற்றுக்கிழமை மாமனார் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, நான் எழுதியதையெல்லாம் பார்த்தீர்களா என்று கேட்டேன். பாத்தேன் பாத்தேன் என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அதற்குள் மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் மகனும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

பெற்ற பிள்ளையே பதறவில்லை, நான் எதற்குக் குதிக்கிறேன் என்று எனக்கே தோன்றிவிட்டது. அறுவடை முடியட்டும் என்று நினைக்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன். என் தப்பு அது. அதை நான் மறைக்கவில்லை.

டாக்டரைப் பார்த்த பன்னிரண்டாம் நாள் மத்தியானம், காட்டில் வெங்காயத்தை மூட்டை பிடித்துக்கொண்டிருந்த மாமனார் கொஞ்சம் உட்காருகிறேன் என்று வரப்பில் உட்கார்ந்தார். அப்புறம் எழவில்லை.

மகன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று உடலை ஐஸ் பெட்டியில் வைத்தோம். விமானத்தில் ஏறிவிட்டேன், இனிமேல் போன் அணைந்திருக்கும் என்று விடிவதற்கு முன்பே கலையரசன் கூப்பிட்டுச் சொன்னார். நான் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளுக்கத் தொடங்கியதும் வாசலில் பந்தல்காரர் நாற்காலிகளை இறக்குகிற சத்தம் கேட்டது. என் போன் ஒலித்தது.

"கோலம் போட்டாச்சா கண்ணு? டீ குடிச்சிக்க."

சாவு வீட்டில் யார் கோலம் போடுவார்கள்? பதினாறாம் நாள் முடிகிறவரை அந்த வாசலில் ஒரு புள்ளி விழாது. அப்பா செத்துக் கிடக்கும்போது எந்த மகன் இப்படிக் கேட்பான்? அதுவும் போனை அணைத்துவிட்டு ஆகாயத்தில் இருக்கிறவன்?

பழைய மெசேஜ்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து மொத்தம் ஐந்தே ஐந்து வாக்கியம், மாற்றி மாற்றி. காலையில் கேமராவில் முதல் ஆள் தெரிந்ததும் அதில் ஒன்று. நான் எதை எழுதினாலும், சரிம்மா, நீ பாத்துக்க. மாட்டுக்குக் காய்ச்சல் என்று எழுதியதற்கும் அதுதான், எனக்குக் காய்ச்சல் என்று எழுதியதற்கும் அதுதான். இன்றைக்குப் பந்தல்காரரைப் பார்த்துவிட்டுத்தான் அது கண்ணு என்று கூப்பிட்டிருக்கிறது. இதற்காகவா தலை வாரிக்கொண்டு போனேன் என்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பத்து மணிக்குக் கலையரசன் வந்து சேர்ந்தார். பெட்டியின் மேல் விழுந்து அழுதார். குளிப்பதற்காகப் பின்பக்கம் போனவரிடம் போனை நீட்டி, இது என்ன என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. ஷிப்டு மாறி மாறி வருகிறது, தினமும் எழுத முடிவதில்லை, நீ ஏங்கிப்போவாயே என்றுதான் ஆப்பில் போட்டுவைத்தேன் என்றார். பதிலும் அதுவே அனுப்பிக்கொள்ளுமாம். நீ எழுதுகிறதை ஓய்வாக இருக்கும்போது மேலோட்டமாகப் பார்ப்பேன் என்றார்.

"ஞாயித்துக்கிழமை கேட்டேனே, பாத்தேன்னு சொன்னீங்களே?"

"ஏதோ வூட்டு விஷயம்னு நெனச்சிட்டேன் மலரு."

ஈசிஜி தாளின் படத்தை அப்போதுதான் திறந்து பார்த்தார். அதிலிருந்த தேதியைப் பெரிதாக்கிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். எனக்கு இரக்கம் வரவில்லை.

நாங்கள் உள்ளே வந்தபோது அவருடைய அக்கா சம்பூர்ணம் ஊர்ப் பெண்கள் நடுவில் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அரும்பாவூரில் வாழ்க்கைப்பட்டவர், முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டார். தம்பியைக் கண்டதும் அழுகை கூடியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தம்பி பறந்து வந்திருப்பானே, கூடவே இருந்தவளுக்கு வாய் இல்லாமல் போச்சே என்றார். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கலையரசனைப் பார்த்தேன். ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். இவள் சொன்னாள், நான்தான் பார்க்கவில்லை என்று அவர் சொன்னால் போதும்.

"விடுக்கா. அவளுக்கு என்னா தெரியும்?" என்றார்.

அத்தனை பேர் முன்னால் என்னைப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்!

எனக்குத் தலைக்கேறியது. போனைத் திறந்து சம்பூர்ணத்தின் கையில் வைத்து, தேதியைப் பார்த்துப் படியுங்கள் அண்ணி என்றேன். உதடு அசைய அசைய, சத்தமில்லாமல் படித்தார். மூன்றாவதைப் படித்து முடித்ததும் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி போனை என் கையில் திணித்து, என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுவதுபோலக் காதுக்குள் சொன்னார்.

"கொள்ளி வைக்கப் போற புள்ள. நாலு பேர் முன்னாடி அவன் தலை குனியக் கூடாது. நீ தாங்கிக்குவ."

அப்போது அரியலூர் சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். சம்பூர்ணம் என்னை விட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். முதலில் வந்த பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பெத்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல இந்த வீட்டில் ஆளில்லாமல் போச்சே என்று முன்னைவிட உரக்க அழுதார். கலையரசன் அவருக்குப் பின்னால் நின்று, அதைக் கேட்டுத் தலையாட்டி அழுதுகொண்டிருந்தார்.