குழிக்குள் ஒரு நாற்காலி

எழுநூறு பேருக்கு முன்னால் ராணியாக நடித்து மூன்று தரம் கைதட்டல் வாங்கியவள் நான், அதில் ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை என்பாள் பாதாளக்கா. முன்வரிசைக்காரர்கள் அழுத அழுகையில் தரைவிரிப்பு காய நாலு நாள் ஆனதாம். அரங்கில் இருப்பதே நானூற்று இருபது நாற்காலிதானே என்றால், மிச்சப் பேர் நின்றுகொண்டு அழுதார்கள் என்பாள்.

மேடையின் முன்விளிம்பில் ஆள் உட்காருமளவு ஒரு குழி. அதற்குள் ஒரு முக்காலி, ஒரு சின்ன பல்பு, வசனக் கட்டு. நடிகர்கள் மறக்கும் வரியை அடிக்குரலில் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடம் அங்கேயே இருந்ததில் பெயரே பாதாளக்கா ஆகிவிட்டது. நடிக்க வந்தவள்தான். இடது கால் மூன்று விரல்கடை குட்டை என்று கண்டுபிடித்த அன்றே உள்ளே இறக்கிவிட்டார்கள். மூச்சு இழுக்கும் விதத்தை வைத்தே யார் எந்த வரியில் தடுக்கி விழப்போகிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

ராணி கதை போன வருடத்தது. கடைசி அங்கத்தில் நாயகிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாதாளக்கா கீழிருந்து முழுக் குரலில் பேசப் பேச, நாயகி மேலே வாயசைத்து முடித்தாள். மறுநாள் கேட்டதற்கு, வெந்நீர் குடித்ததும் தொண்டை திறந்துகொண்டது என்று சொல்லிவிட்டாள் நாயகி. விளக்குப் போடுகிறவன், எல்லோருக்கும் அவன் லைட்டு, இந்தக் கதையை எடுத்தாலே சிரிப்பான்.

"அக்கா, அளந்து விடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

இந்த வருடம் புது நாடகத்தில் ஒரு வயதான தாய் வேடம். திரை ஏறி இறங்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். பாதாளக்காவுக்கு அடுத்த வருடம் ஓய்வு. இதை விட்டால் வேறு வேடம் கிடையாது. வேடம் கேட்டு எழுதிக் கொடுத்தாள். உட்கார்ந்தே இருப்பவளுக்குக் கால் எப்படி இருந்தால் என்ன என்று டைரக்டரிடம் நேரிலும் போய்க் கேட்டாள். அவர் வெகுநேரம் யோசித்தார்.

"முடிஞ்சதும் எல்லாரும் முன்னாடி நடந்து வந்து கும்பிடணும்லம்மா. ஜனங்க அப்ப உங்க காலைப் பாப்பாங்க. பாத்த நாடகம் அவ்வளவும் வீணாப்போயிடும்."

வேடம் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்திக்குப் போயிற்று. தினமும் நரை பூசவே ஒன்றரை மணி நேரம்.

பாகுபாடு பற்றிய புகார்களை விசாரிக்க நிர்வாகம் அப்போதுதான் ஒரு குழு அமைத்து, அலுவலகச் சுவரில் பெட்டி மாட்டியிருந்தது. பெட்டி உயரத்தில் இருந்தது. பாதாளக்கா தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அதன்மேல் ஏறிக் காகிதத்தைப் போட்டாள். உள்ளே விழுந்த முதல் காகிதம் அதுதான்.

குழுவில் மூன்று பேர். மூவரும் மிக மரியாதையானவர்கள். தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டார்கள். கால் ஒரு காரணமே அல்ல, நடித்த அனுபவம் இல்லாததுதான் காரணம் என்று டைரக்டர் எழுதிக் கொடுத்திருந்தாராம். அவள் ராணி கதையைச் சொன்னாள். இந்தத் தடவை எழுநூறு என்று சொல்லவில்லை, நானூற்று இருபது என்றே சொன்னாள். சாட்சி உண்டா என்றார்கள். அன்று விளக்குப் போட்டது யார் என்று விசாரித்து லைட்டைக் கூப்பிட்டார்கள். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் விளக்குலயே கவனமா இருந்தேன் சார். ஒண்ணும் கேக்கல."

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. புகார் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் ஊழியரின் உடல்நிலையைக் கருதி, முக்காலிக்குப் பதிலாக மெத்தை வைத்த நாற்காலி வழங்கப்படும்.

வந்த நாற்காலி குழிக்கு உயரம். காலை ஒத்திகையின்போது லைட்டும் உள்ளே நெருக்கிக்கொண்டு குனிந்து உட்கார்ந்து அதன் கால்களை அறுத்தான்.

"பாத்து அறு தம்பி," என்றாள் பாதாளக்கா. "ஒரு கால் குட்டையாயிட்டா அப்புறம் இதையும் வெளியில விட மாட்டாங்க."

அவன் சிரிக்கவில்லை. மேலே நாற்காலியில் இருந்த நரை பூசிய பெண் மூச்சை இழுத்து நிறுத்தினாள். பாதாளக்கா வசனக் கட்டைப் பார்க்காமலே வரியை எடுத்துக் கொடுத்தாள். அதே ஏற்ற இறக்கத்தோடு அந்தப் பெண் அதை மேலே சொல்ல, டைரக்டர் பிரமாதம் என்றார்.

லைட்டு ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"அடுத்த மாசம் என் வேலையை நீட்டிக்கிறதா இல்லையான்னு முடிவு பண்றாங்கக்கா. அதான்," என்றான். மரத்தூளை மெத்தையிலிருந்து தட்டிவிட்டான். பிறகு, அவள் வசனம் எடுத்துக் கொடுக்கும் அதே அடிக்குரலில், மேடைக்கு அப்பால் ஒரு காதுக்கும் எட்டாமல் சொன்னான்.

"அன்னைக்கு என் விளக்கு நாயகி கழுத்துலதான் இருந்துச்சு. உதடு அசைஞ்சுச்சு, நரம்பு அசையல. நீதான்க்கா பேசின. ஜனங்க நின்னுக்கிட்டுதான் அழுதாங்க."