சவரிமுத்து கெய்சர் வாங்கின கதை

அந்தோணியம்மாளுக்கு ஒரே மகள். அந்த மகளுக்கு இப்போது தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். பிழைக்க வந்த ஊரில் வாய்த்த மருமகன் தேஜஸ் மராத்திக்காரர். அவர்கள் வழக்கமும் அதேதான். இரண்டு ஊரும் வாய்ச்சண்டை இல்லாமல் ஒத்துப்போன அந்தக் காரியத்தைக் கெடுக்க ஒரு கெய்சர் போதும் என்று யார் கண்டது?

"யம்மா, உங்க பாத்ரூம்ல இன்னும் கெய்சர் லாவலையா?" என்று ஹிஞ்சேவாடியில் புகுந்த வீட்டிலிருந்து மகள் ஜெனிபர், மராத்தியும் இந்தியும் கலந்த தமிழில் போனில் கேட்டாள். "இங்க அத்தை வீட்டு மாடில சோலார் இருக்கு. குழாயத் தொறந்தா கரம் பானி. டிசம்பர் குளிர் தண்டில நான் அங்க வந்து குளிக்காமயா இருக்கது? சனிக்கிழமைக்குள்ள மாட்டலன்னா பேபிய இங்கயே பெத்துக்கறேன். அத்தையும் சலேகான்னுட்டாங்க."

சம்பந்தியம்மாள் 'சலேகா', அப்படியே ஆகட்டும், என்றுதான் சொல்வாள். சொல்வதற்கு என்ன? அந்தோணியம்மாள் பழைய வெள்ளை வேட்டிகளைத் துவைத்து, கிழித்து, மடித்து, அலமாரியில் ஒரு தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தாள். குளியலறைத் தரையில் மணை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்ட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஹிஞ்சேவாடியில் அந்தக் குளியலறை முழுக்கக் கண்ணாடி. அங்கே போய் எந்த மூலையில் காலை நீட்டுவது?

இத்தனைக்கும் காரணம் வீட்டுக்காரர் சவரிமுத்து. வெடிமருந்துத் தொழிற்சாலையில் சாமான் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டி பெட்டியாக வரும் உருப்படிகளைத் தட்டி, அளந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பழுது இருந்தால் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு மை தடவி ஒதுக்கிவிடுவார். நல்லதைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை அல்ல, கெட்டதைத் தள்ளுவதுதான். பணி ஓய்வு கொடுத்த சர்க்கார் அந்தப் பழக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது. ஆகுர்டி மண்டியில் கத்தரிக்காயைக் கூடையோடு தள்ளியவர் அவர். ஜெனிபருக்கு வந்த வரன்களையும் ஒன்று விடாமல் தள்ளினார். பெண் பொறுத்துப் பார்த்தாள், தானே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த மருமகனிடம் பழுது ஏதும் இதுவரை அகப்படவில்லை. ஆனாலும் சோதனை முடிந்துவிட்டதாக அவர் அறிவிக்கவும் இல்லை.

பழைய கெய்சர் ஒன்று இருந்தது. தீபாவளித் தள்ளுபடியில், சோதிக்காமல், ஒரே பேச்சில் வாங்கி வந்தது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை அந்தோணியம்மாள் ஈரக்கையோடு குழாயைத் தொட்டாள். சுளீரென்று அடித்துத் தள்ளியது. பக்கெட்டோடு பின்னால் போய் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. "எனக்குக் கரண்ட் பில் இல்லாம கரண்ட் குடுத்துட்டு" என்று அவளே சிரித்துவிட்டாள். சவரிமுத்து சிரிக்கவில்லை. அன்றைக்கே கெய்சரைக் கழற்றி, பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலாவின் தராசில் போட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து அடுப்பில் அண்டா வைத்துத் தண்ணீர் காய்ச்சி, குளியலறை வரைக்கும் தூக்கிக் கொண்டுபோய் ஊற்றுவதும் அவர்தான்.

"முதுகு ஒடிய அண்டா தூக்குறதுக்கு ஒரு கெய்சர வாங்குனா என்ன?" என்பாள் அவள்.

"பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"பாத்துக்கிட்டே இருங்க. பிள்ள பொறந்து, அது வேலைக்குப் போயி, அது வாங்கித் தரும்."

பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். சின்ன கெய்சர் தள்ளுபடி: பக்கெட் நிறைவதற்குள் சூடு தீர்ந்துவிடும். பெரிய தொட்டி வைத்தது தள்ளுபடி: இங்கே வரும் போர் தண்ணீருக்கு உப்புப் படிந்து உள்ளே சுண்ணாம்புக் காளவாய் ஆகிவிடும். கேஸில் ஓடுவது தள்ளுபடி: ஜன்னல் சின்னது, புகை அடைத்தால் ஆளுக்கே ஆபத்து. சோலார் வைக்கலாம், ஆனால் மொட்டை மாடி குடியிருப்புச் சொசைட்டிக்குச் சொந்தம். செக்ரட்டரி கேஷவோடு பேசப் போனால் பேச்சு பார்க்கிங் சண்டையில் போய் முடியும். கடைகளில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். தேங்காய் வாங்குகிறாரா கெய்சர் வாங்குகிறாரா என்று கடைப் பையன்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். இவர் தலை தெரிந்தால் சாப்பாட்டு நேரம் என்று எழுந்து போகிற அளவுக்குக் கடைத்தெருவில் பெயர் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆயிற்று. சவரிமுத்து மறுபடியும் சோலார் விஷயமாக மொட்டை மாடிக்குப் போனார். அவர் படி ஏறிய சத்தம் அடங்கியதும் அந்தோணியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஷ்யாம் சேட்டின் மின்சாமான் கடைக்குப் போனாள்.

சேட் வழக்கம்போல் பளபளப்பாக இருந்ததை முன்னால் வைத்தார். வெளிநாட்டு டெக்னாலஜி என்றார். மொபைலிலேயே ஆன் செய்யலாம் என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள், தன் இந்தியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: உங்கள் வீட்டில் எது மாட்டியிருக்கிறீர்கள்?

சேட் பளபளப்பானதை ஓரமாகத் தள்ளினார். அப்புறம் சிரித்துவிட்டார். பின்வரிசையில் தூசி படிந்து நின்ற, அலங்காரம் ஏதும் இல்லாத ஒரு வெள்ளை கெய்சரைக் காட்டினார். மாட்டிய நாளிலிருந்து தம் அம்மா அதைத்தான் திட்டாமல் இருக்கிறாள் என்றார்.

"யஹி தே தோ", இதையே கொடுங்கள், என்றாள் அந்தோணியம்மாள். மாட்டுகிற ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் சுவரில் ஓட்டை போட்டான், மாட்டினான், பிளக்கைச் சொருகினான், அடுத்த வீட்டுக்கு ஓடினான்.

சவரிமுத்து மாடியிலிருந்து இறங்கி வந்தபோது குளியலறையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"யாரு பாஸ் போட்டா?"

"நான்தான்."

"என்னத்தப் பாத்த?"

"சேட் வீட்டுல என்ன இருக்குன்னு பாத்தேன்."

 இத்தனை வருஷச் சர்வீஸில் தமக்குத் தோன்றாத கேள்வி அது என்பது சவரிமுத்து முகத்தில் தெரிந்தது. அவள் சண்டைக்குத் தயாராக முந்தானையை இழுத்துச் செருகினாள். அவரோ உள்ளே போய்ப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, இரண்டு வயர் தொங்குகிற பல்பு ஒன்றை எடுத்து வந்தார். கெய்சரைத் தட்டவில்லை, காது வைக்கவில்லை. ஸ்டூலில் ஏறிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவரிலிருந்த பிளக் ஓட்டைகளில் வயரை வைத்தார். பல்பு எரிந்தது. ஒரு வயரை மட்டும் மேலே இருந்த எர்த் ஓட்டைக்கு மாற்றினார். பல்பு எரியவில்லை.

மறுபடி வைத்தார். எரியவில்லை.

மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பலகையைக் கழற்றினார். பின்னால் பச்சை எர்த் வயர் சுருண்டு கிடந்தது, யாரும் எதிலும் முடுக்காமல். வீடு கட்டிய நாளிலிருந்து அப்படியே கிடந்திருக்க வேண்டும். ஊரில் உள்ள கெய்சரையெல்லாம் தட்டிப் பார்த்தவர் சொந்த வீட்டுச் சுவரைப் பார்க்கவில்லை.

அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். 

"பழசுல கசிவு இருந்திருக்கும்ட்டி. ஆனா இந்த வயரு முடுக்கியிருந்தா கரண்டு இதுவழியா போயிருக்கும். ஒன்னத் தொட்டிருக்காது." பச்சை வயரை விரலில் பிடித்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு நீ விழுந்து கெடந்தப்ப எனக்கு மூச்சே நின்னுட்டு. அதுக்கப்புறம் எந்தக் கெய்சரப் பாத்தாலும் நீ விழுந்து கெடக்கதுதான் தெரியுது. நான் எதுக்குன்னு பாஸ் போடுவேன்?"

 இத்தனை நாளும் இந்த மனிதர் அண்டா தூக்கியது கஞ்சத்தனத்தால் அல்ல, பிடிவாதத்தாலும் அல்ல. பயத்தால். அது தெரியாமல் அந்தோணியம்மாள் தினமும் வாரு வாரென்று வாரியிருக்கிறாள். அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

"சரி, இப்ப முடுக்குங்க. ராத்திரி வரைக்கும் அழுதுகிட்டா இருக்கது?"

முடுக்கி, மெயினைப் போட்டு, மறுபடி வயரை வைத்தார். இந்தத் தடவை பல்பு பிரகாசமாக எரிந்தது. தண்ணீர் காய்ந்து சிவப்பு விளக்கு அணைந்ததும் அவள் உள்ளே நுழையப் பார்த்தாள். அவர் குறுக்கே கையை நீட்டினார்.

"மொதல்ல நான். நீ வெளிய நில்லு."

கதவைச் சாத்திக்கொண்டார். அந்தோணியம்மாள் மெயின் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி நின்றாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"ஏங்க?"

பதில் இல்லை.

"ஏங்க! இருக்கீங்களா?"

"இருக்கேன். துண்ட எடுக்காம வந்துட்டேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு துண்டை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஆவி பறக்க வெளியே வந்த சவரிமுத்து தாமே அதை எடுத்தார்.

"பாஸ்" என்றார்.

"க்யா? எது பாஸ் அப்பா?"

"கெய்சரு, சொவரு, ஒங்கம்மா, எல்லாம் பாஸ். மாப்பிள்ளையும்தான். ரெண்டு பேரும் பொறப்பட்டு வாங்க."

 மறுமுனையில் ஜெனிபர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அந்தோணியம்மாள் குளியலறைக்குள் போனாள். மணையைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். பக்கெட்டில் குழாயைத் திறந்துவிட்டு, பிள்ளைக்கு ஊற்றும்போது பார்ப்பதுபோலவே முழங்கையைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். சிராய்ப்பு ஆறிப்போன அதே முழங்கை. வாசலில் சவரிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பச்ச ஒடம்புக்கு இந்தச் சூடு ஆவாது" என்றாள் அவள், திரும்பிப் பாராமல். "ரிஜெக்ட்."