விஜிலாவும் ஞாயிற்றுக்கிழமை இன்ஜினும்

1

இந்தக் கதை என் மண்டையில் பிறக்கவில்லை. படித்துக்கொண்டே சம்பாதிப்பது பற்றி, நம்பிக்கையூட்டும் கதை ஒன்று வேண்டும் என்று ஒரு கல்லூரி மலரில் கேட்டார்கள். நம்பிக்கை என் கடையில் கிடையாத சரக்கு. ஆனால் வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை.

'தருவைகுளத்து விஜிலா, பி.காம். இரண்டாம் ஆண்டு. அடுத்த செமஸ்டர் கட்டணத்தை அவளே கட்டினால் படிப்பு. இல்லாவிட்டால் இறால் உரிக்கும் கம்பெனி என்று அம்மா பிலோமி சொல்லிவிட்டாள். எனவே விஜிலா ஆரி எம்பிராய்டரி கற்று, பொன்னிற நூலில் தன் கனவுகளை…'

(அடித்துவிட்டேன். அந்தத் தெருவே ஆரி கற்றாயிற்று. ஒருத்தி ரவிக்கைக்கு இன்னொருத்தி பூப்போட்டு, காசு தெருமுனையைத் தாண்டவில்லை.)

2

விஜிலாவே குறுக்கே வந்தாள்.

"பொம்பளப்புள்ளன்னா ஊசியத்தான் குடுப்பியளா அண்ணாச்சி?"

"கேக் செய்யுதியா?"

"காசு குடுத்துத் திங்கது யாரு, நீங்களா?"

"அப்ப நீயே சொல்லு."

"எங்கூர்ல ஞாயித்துக்கிழம படகு கடலுக்குப் போவாது. பழுதான இன்ஜின் பூராம் அன்னைக்குத்தான் பட்டறைக்கு வருது. எனக்கும் அன்னைக்குத்தான் லீவு."

[எழுதுகிறவன் பாத்திரத்திடம் பேரத்தில் தோற்ற இடம் இது. வெளியே சொல்லாதீர்கள்.]

3

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் அய்யாக்குட்டி அண்ணாச்சி பட்டறையில் வேலை பழகினாள்.

"ஏளா, ஞாயித்துக்கிழம வேல செஞ்சா பாவம்!" என்றாள் பிலோமி.

"ஓய்வு படகுக்குத்தானம்மா. இன்ஜினுக்கு யாரு லீவு விட்டா?"

ஒரு ஞாயிறு, மீனவர் சிலுவை தன் படகு இன்ஜினோடு வந்தார். "ஏலே அய்யாக்குட்டி, இந்தப் பிள்ளையா கை வைக்கப்போவுது?"

"மத்த மெக்கானிக்கு கறிச்சோறு தின்னுட்டு உறங்குதான். எழுப்பிட்டு வாரியா?"

சிலுவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், அவள் எப்போது தப்புப் பண்ணுவாள் என்று பார்ப்பதற்கு வசதியாக. அவள் கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, எல்லாம் பூட்டி முடித்தபோது கையில் ஒரு வாஷர் மிச்சம். கழற்றிப் போட்ட பழசா, உள்ளே போயிருக்க வேண்டியதா?

"ஓடிச்சின்னா இனி ஞாயித்துக்கிழம பூராம் ஒனக்கு, கூலியோட," என்றார் அய்யாக்குட்டி. "ஓடலன்னா சிலுவ போடுத சத்தம் துறைமுகம் வரைக்கும் கேக்கும்."

4

முடிவு.

'இன்ஜின் உறுமியது. பிலோமியின் கண்களில்…' இது மலர்க்காரர்களுக்கு.

இன்ஜின் ஓடக் கூடாது, அலை மட்டும் விசும்ப வேண்டும் என்கிறார்கள் என் இலக்கிய நண்பர்கள். அவர்களில் யாருக்கும் செமஸ்டர் கட்டணம் பாக்கியில்லை.

விஜிலாவிடமே கேட்டேன். "ரெண்டு கூட்டத்தயும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க," என்று வாஷரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஓட்டிப் பார்ப்பதற்காக இன்ஜின் தண்ணீர் டிரம்மில் நிற்கிறது. ஸ்டார்ட்டர் கயிறு உங்கள் பக்கம் தொங்குகிறது. நான் இழுக்கமாட்டேன், நீங்கள் இழுங்கள். முதல் இழுப்பில் ஓடவில்லை என்று உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். சிலுவை அதைப் புதிதாக வாங்கி வந்த அன்றைக்கே மூன்றாவது இழுப்பில்தான் ஓடியது. அது அவருக்கும் தெரியும்.

வாயைத் திறக்கமாட்டார்.